ஈயம் கேட்காத கருவி

பேராக் என்ற மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். ஆனால் உலகம் இந்த மாநிலத்தைத் தேடி வந்தது வெள்ளிக்காக அல்ல, ஈயத்துக்காக. ஈயத்தின் வெண்மினுக்கைப் பார்த்துத்தான் அந்தப் பெயரே வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பங்கு கிந்தாப் பள்ளத்தாக்கினுடையது. ஈப்போ நகரம் எழுந்தது அந்தப் பணத்தில்தான். உலோகத்தால் பேர் பெற்ற இடத்தில் உலோகம் தேட ஒரு கருவி வாங்குவது சுலபமான காரியம் என்றுதான் தோன்றும்.

வார இறுதிகளில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடற்கரையில் நடப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வரும். அண்மையில் கேட்டவன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் ஒரு தம்பி. "அண்ணே, பங்கோர்ல தேடுறதுக்கு எந்த மெட்டல் டிடெக்டர் நல்லது? ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள சொல்லுங்க." எதைத் தேடப்போகிறாய் என்று கேட்டேன். "மோதிரம், சங்கிலி கிடைச்சாலும் சரி, டச்சுக்காரன் காசு கிடைச்சாலும் சரி" என்றான்.

அவன் ஒரே கேள்வியாகக் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்குக் கடையில் பதில் உண்டு. இரண்டாவதற்குப் பதில் சொல்ல பேராக்கின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

முதலில் கடையில் கிடைக்கும் பதில்.

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத்தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே மின்சாரத்தைக் கடத்தும் பொருள் ஏதாவது கிடந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் அந்தப் பதிலைத்தான் கருவி ஒலியாக மாற்றி நம் காதுக்குத் தருகிறது. கருவிக்கு விலைமதிப்பு தெரியாது, பழமை தெரியாது. மின்கடத்தல் ஒன்றுதான் தெரியும்.

இந்த யோசனை பழையது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார். தோட்டா அகப்படவில்லை. 1937-இல் கெர்ஹார்டு ஃபிஷர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி 1942-இல் எல் அலமெய்ன் போரில் பாலைவனத்தில் பயன்பட்டது. போர் முடிந்தபின் அதே தொழில்நுட்பம் பொழுதுபோக்காகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

கடற்கரையில்தான் சிக்கல். உப்புத்தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான உப்பு மணல் மேல் தட்டை நீட்டினால், கடலே ஒரு பெரிய மட்டமான நாணயம் என்று கருவி எண்ணிக்கொள்ளும். ஓயாமல் கத்தும். காய்ந்த மணலில் அருமையாக வேலை செய்யும் ஒற்றை அலைவரிசைக் கருவிகள் அலை தொடும் இடத்தில் தடுமாறுவது இதனால்தான். சத்தத்தை அடக்க உணர்திறனைக் குறைத்தால் ஆழம் போய்விடும். உப்பின் பதிலை மட்டும் ஒதுக்கும்படி சரிசெய்தால் வேறொன்று போய்விடும். உப்புத்தண்ணீரின் பதிலும் மெல்லிய தங்கத்தின் பதிலும் கருவியின் அளவுகோலில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. உப்பை ஒதுக்கினால் மெல்லிய தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. ஒன்று துடிப்பு முறை. கருவி ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டு, மைக்ரோ நொடிக் கணக்கில் காத்திருந்து, பிறகு கேட்கிறது. உப்பின் பதில் சட்டென்று அடங்கிவிடும், உலோகத்தின் பதில் சற்று நீடிக்கும். கேரட் சீ ஹண்டர் இந்த வகை. ஆழமாகக் கேட்கும், நீருக்குள்ளேயே கொண்டுபோகலாம். ஆனால் ஆணிக்கும் மோதிரத்துக்கும் பெரிதாக வித்தியாசம் சொல்லாது. எல்லாவற்றையும் தோண்டவேண்டும், முதுகு போய்விடும்.

மற்றொன்று, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி, வரும் பதில்களை ஒப்பிட்டு, உப்பின் பங்கைக் கழிக்கும் முறை. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் எக்ஸ்காலிபர் முதல் ஈக்வினாக்ஸ் வரை இந்த வழியில் போயிருக்கிறது. துருக்கியின் நோக்டா லெஜண்டும் இதே வகைதான். பங்கோர், தெலுக் பாத்தேக் போன்ற மணற்கரைகளுக்கு நான் பரிந்துரைப்பது பல அலைவரிசைக் கருவியைத்தான். கையில் இருக்கும் பணம் குறைவென்றால் வான்குவிஷ் வரிசையைப் பார்க்கலாம். அதன் தட்டு மட்டும்தான் நீரைத் தாங்கும், மேலே உள்ள பெட்டி தாங்காது. அதனால் ஈர மணலோடும் கணுக்கால் தண்ணீரோடும் நிறுத்திக்கொள்ளவேண்டும்.

வாங்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்க்கவேண்டும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று அட்டையில் போட்டிருந்தால் போதாது. எத்தனை மீட்டர் வரை, தட்டு மட்டுமா முழுக்கருவியுமா என்று கேளுங்கள். கம்பியில்லா ஹெட்போனின் அலை தண்ணீருக்குள் போகாது. கருவியை நீருக்குள் இறக்குபவர்களுக்குக் கம்பி வைத்த, நீர் புகாத ஹெட்போன் தேவை. துருப்பிடிக்காத எஃகில் செய்த, ஓட்டைகள் உள்ள நீள்கைப்பிடி அள்ளி ஒன்று வேண்டும். அது இல்லாமல் அலைக்குள் தோண்டினால் குழி நிரம்பிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். உப்பு யாரையும் விட்டுவைக்காது.

மாசிமகத்தன்று பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்துக்கு லுமுட்டிலிருந்து படகு படகாகக் கூட்டம் போகும். கடலில் இறங்கும் நம் பெண்கள் கழுத்திலும் கையிலும் 916 தங்கம் இருக்கும். தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவும். தடித்த தாலிக்கொடியையும் மோதிரத்தையும் நல்ல கருவி எளிதாகக் கேட்கும். மெல்லிய சங்கிலியைக் கேட்பது கடினம். முழுச் சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகக் கேட்பதில்லை, தனித்தனிச் சின்னக் கண்ணிகளாகத்தான் கேட்கிறது. கடலில் தொலைந்த சங்கிலியைத் தேடித்தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கவேண்டும். தொலைத்தவர் கரையில் நிற்கும்போதே தேடி எடுத்துக் கையில் கொடுப்பதைவிட இந்தக் கருவிக்கு நல்ல உபயோகம் வேறில்லை என்பது என் கருத்து.

இப்போது இரண்டாவது கேள்வி, டச்சுக்காரன் காசு.

பங்கோர்த் தீவின் தெலுக் கெடுங்கில் டச்சுக் கோட்டை இருக்கிறது. 1670-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கட்டியது ஈயத்தைச் சேமித்துக் காவல் காக்கத்தான். பேராக்கின் ஈயம் ஆற்று வழியே கடலுக்கு வரும். அதைத் தாங்கள் மட்டுமே வாங்கவேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. 1690-இல் உள்ளூர்க்காரர்கள் கோட்டையைத் தாக்கி அழித்தார்கள். 1743-இல் திரும்பக் கட்டி, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். தீவின் பெயரில் 1874-இல் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தின் பின்னணியிலும் ஈயச்சுரங்கச் சண்டைகள்தான். அந்த ஒப்பந்தத்தோடு பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சி நுழைந்தது. பிறகு வந்த ரப்பர்த் தோட்டங்களும், அவற்றில் நம் பாட்டன் பூட்டன் வந்து நின்ற பெரட்டுக் களங்களும் அந்த ஆட்சியின் தொடர்ச்சி. ஆக, அந்தக் கரை மணலில் நம் வரலாறும் இருக்கிறது. தம்பியின் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் பேராக்கின் வரலாற்றில் எவ்வளவு இந்தக் கருவியின் காதில் விழும்?

ஈயத்திலிருந்தே தொடங்கலாம். உருக்கிய ஈயக்கட்டியைக் கருவி கேட்கும். ஆனால் கிந்தா மண்ணில் இருந்தது கட்டி ஈயம் அல்ல, கசிட்டரைட் என்ற கறுப்புத் தாது. அது மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. உலகச் சந்தையை நிரப்பிய அந்தத் தாதுக் குவியல் மேல் நின்று டிடெக்டரை நீட்டினால் ஈயம் இருக்கிறது என்று அது சொல்லாது. பேராக்கின் உண்மையான ஈயம் தேடும் கருவி தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல்தான். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய அது, மண்ணை அள்ளி, அலசி, எடையால் தாதுவைப் பிரித்தது. மாநிலத்தின் இன்னொரு செல்வம் ரப்பர் பால். அதற்கும் கருவியில் ஒலி கிடையாது.

அடுத்தது கோலா செலின்சிங். மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் கடலோரத்தில் உள்ள பழைய குடியிருப்பு இது. 1920-களின் இறுதியிலிருந்து ஐ.எச்.என். எவன்ஸ் அங்கே அகழாய்வு செய்தார். மணிகள், பானையோடுகள், சிப்பிகள், மனித எலும்புகள் எல்லாம் வெளிப்பட்டன. அந்த இடத்தின் புகழ்பெற்ற பொருள்கள் இரண்டு. ஒன்று, கருடன் மேல் அமர்ந்த விஷ்ணுவின் உருவம் கொண்ட ஒரு பொன் அணிகலன். இன்னொன்று, செம்மணிக்கல்லில் செதுக்கிய ஒரு சின்ன முத்திரை. அதில் 'ஸ்ரீ விஷ்ணுவர்மனுடையது' என்று பொருள்படும் சமஸ்கிருத எழுத்து.

டிடெக்டரோடு ஒருவன் அங்கே போயிருந்தால் பொன் அணிகலன் நிச்சயம் கத்தியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு போயிருப்பான். முத்திரை கல் என்பதால் ஒலி வந்திருக்காது. அது அவன் தோண்டி எறிந்த மண்ணோடு போயிருக்கும். பெயர் இருந்தது கல்லில்தான். அந்தக் கரையில் வாழ்ந்த, வந்துபோன மனிதர்களில் நமக்குக் கிடைத்த ஒரே ஒரு பெயர் அது.

(விஷ்ணுவர்மன் தமிழனா என்று யாரும் உடனே சட்டையைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். முத்திரையின் மொழி சமஸ்கிருதம். அது எங்கே செதுக்கப்பட்டு யார் கை மாறி வந்தது என்பது வேறு கேள்வி.)

இதற்கு நேர் எதிரான கதை பீடோரில் நடந்தது. 1936-இல் அங்கே ஓர் ஈயச்சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலை கிடைத்தது. உயரம் 79 செ.மீ. இன்று அது தேசிய மரபுச்சின்னம். தேடிப் போனவர்களுக்கு வேண்டியது ஈயம், வந்தது போதிசத்துவர். சிலை பிழைத்தது. ஆனால் அதைச் சுற்றி இருந்த மண், அதன் அடுக்குகள், பக்கத்தில் என்ன கிடந்தது என்ற செய்தி எதுவும் நமக்கு இல்லை. கோயிலா, வழியில் கவிழ்ந்த படகா, புதைத்து வைத்ததா? கேட்க ஆளில்லை. சிலையின் அமைதியை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது. பொருள் கிடைத்து, இடம் தொலைந்துபோனால் வரலாற்றில் பாதி போய்விடும் என்பதற்கு பேராக்கில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) உரிமம் இல்லாமல் மரபுப்பொருள் தேடி அகழ்வதைத் தடுக்கிறது. தற்செயலாகக் கிடைத்தாலும் அதிகாரிகளிடம் தெரிவிக்கவேண்டும். டச்சுக் கோட்டையைச் சுற்றியும் செலின்சிங் சதுப்பிலும் டிடெக்டருக்கு வேலை இல்லை. சிகாரி பக்கத்தில் ஆமைகள் முட்டையிடும் கரையிலும் இல்லை. கம்பார் பக்கம் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியரோடு பெரும் பீரங்கிச் சண்டை நடந்த இடம் அது. மண்ணுக்குள் கிடப்பது வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். ஒலி வந்த இடத்தையெல்லாம் குத்திப் பார்க்கக்கூடாது.

இனி நமக்கு நெருக்கமான இடம், தோட்டம்.

பெரும்பாலான டிடெக்டர்களில் இரும்பை ஒதுக்கும் வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஆணி, கம்பி, தகரம் எதுவும் காதுக்கு வராது. கடற்கரையில் அது உதவும். கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கி, பானக் குவளையின் அலுமினிய வளையத்தையும் அடக்கப் பார்த்தால் ஆபத்து. அந்த வளையத்துக்கும் பல தங்க மோதிரங்களுக்கும் கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும். குப்பை வேண்டாம் என்பவனுக்குத் தங்கமும் கிடைக்காது. கடற்கரைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த பாடம் இது.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் லயங்கள் இருந்து அழிந்த ஏதாவதொரு தோட்டத்தில் இதே கருவியோடு நடப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் செம்பனை நட்டிருப்பார்கள், இல்லையென்றால் வீடமைப்புத் திட்டம் வந்திருக்கும். பலகை வீடு மக்கிப்போனது, அத்தாப்புக் கூரை மக்கிப்போனது, காண்டாக் கம்பும் மக்கிப்போனது. பீங்கான் மங்கு உடைந்து கிடந்தாலும் கருவிக்குக் கேட்காது. மிச்சம் என்ன? மங்கைத் தாங்கிய கம்பி, மரத்தில் குத்திய தகரப் பீலி, பால் வாளியின் பிடி, தேய்ந்த உளி, கூரைத் தகரத்தின் ஆணி, அடுப்படியில் கிடந்த ஓட்டைச் சட்டி. எல்லாம் இரும்பு, எல்லாம் தகரம். பொன்னும் வெள்ளியும் இருந்திருந்தால் அவை எப்போதோ அடகுக் கடைக்குப் போயிருக்கும். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ பிரசவச் செலவுக்கோ போன நகையைத் தோட்டத்து மண்ணில் தேடிப் பயனில்லை. இரும்பை ஒதுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு அங்கே நடந்தால் தோட்டம் முழுக்க மௌனமாக இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை, யாரும் இருந்ததில்லை என்று கருவி சொல்லும்.

எனக்கு உறுத்துவது இந்த மௌனம்தான். கருவியில் நாம் வைக்கும் அமைப்பு எந்த வரலாறு நம் காதுக்கு வரலாம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. டச்சுக்காரன் காசுக்கு ஒலி உண்டு. நம் ஆயாவின் உளிக்கு ஒலி வேண்டாம் என்று நாமே பொத்தானை அழுத்துகிறோம்.

பொத்தானை அழுத்தாமல் செய்த வேலைக்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-இல் பூர்வகுடிகளுக்கும் கஸ்டரின் குதிரைப்படைக்கும் போர் நடந்தது. 1983-இல் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்து நிலம் வெறுமையானது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் டிடெக்டர் வைத்திருந்த தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். ஒலி வந்த இடத்திலெல்லாம் கொடி நட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு உறையும் கிடந்த இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டது. யார் எங்கே நின்று சுட்டார்கள், எப்படி நகர்ந்தார்கள் என்ற கதை அந்தப் புள்ளிகளிலிருந்து எழுந்தது. வெற்றி பெற்றும் சொல் ஏறாதிருந்த பூர்வகுடிகளின் வாய்மொழிச் சாட்சியங்களுக்கு அது வலு சேர்த்தது. தனித்தனியாக எடுத்தால் அந்த உறைகளைப் பழைய இரும்புக்காரன்கூட மதிக்கமாட்டான். அவை கிடந்த இடத்துக்குத்தான் மதிப்பு.

தோட்டத்து ஆணிகளுக்கும் அப்படித்தான். வரிசையாகக் கிடக்கும் ஆணிகள் ஒரு லயத்தின் நீளத்தைச் சொல்லும். அவற்றுக்கு இடையில் உள்ள வெற்றிடம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை அடி கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும். பீலிகள் கிடக்கும் ஒழுங்கில் பழைய நிரை தெரியும். கோயில் இருந்த இடத்தில் சூலத்தின் துண்டோ மணியின் நாக்கோ கிடக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் கணக்குப் புத்தகங்கள் எங்கோ போய்விட்டன. வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் டவுனுக்குப் போய்விட்டார்கள், பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மண்ணில் மிஞ்சியிருக்கும் பட்டியல் இது ஒன்றுதான். அதையும் ஒரு மண்வாரி இயந்திரம் ஒரே காலையில் கலைத்துவிடும்.

எனவே கேட்கிறவர்களுக்கு என் பதில் இப்படி இருக்கிறது. கடலுக்குப் பல அலைவரிசைக் கருவி வாங்குங்கள். ஈர மணலில் நடங்கள். கிடைத்த மோதிரத்துக்கு உரியவரைத் தேடுங்கள். கோட்டைகளையும் சதுப்புக் குடியிருப்புகளையும் தொல்லியலாளர்களுக்கு விடுங்கள். அதே கருவியை மாதத்தில் ஒருநாள் உங்கள் குடும்பம் வாழ்ந்த தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். நில உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். இரும்பை ஒதுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தோண்டவேண்டாம். ஒலி வரும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, கைத்தொலைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அங்கே பால் வெட்டிய ஒருவரை அழைத்துப்போனால் இன்னும் நல்லது. குச்சிகள் நிற்கும் வரிசையைப் பார்த்து அவர் சொல்வார், இது ஆயக்கொட்டகை, இது கிராணி வீட்டுக்குப் போகும் சடக்கு, இது எங்க வீடு என்று. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.